பிளாக் போச்சு என்றார்கள். போனது ஒரு தகட்டு மூடி

பழைய கார் பார்க்கப் போகிறவர்கள் டயரைப் பார்ப்பார்கள், கதவைத் தட்டிப் பார்ப்பார்கள், ஸ்டார்ட் செய்து சைலன்சர் புகையைப் பார்ப்பார்கள். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து உள்ளே விரல் விட்டுப் பார்க்கிறவர் குறைவு. நான் விட்டேன். செம்மண் குழைத்தது மாதிரி காவிச் சேறு விரலோடு வந்தது. அதைக் காட்டித்தான் விலையைக் குறைத்தேன். எங்கோ ஒழுகுகிறது, உள்ளே துருப்பிடித்திருக்கிறது என்று தெரிந்தே வாங்கிய வண்டி இது.

மாருதி 800, 2005 மாடல், எம்.பி.எஃப்.ஐ. (கம்ப்யூட்டர் கணக்குப் பார்த்துப் பெட்ரோல் பீச்சுகிற வகை), ஏ.சி. உண்டு. 796 சி.சி., மூன்று சிலிண்டர், வார்ப்பிரும்பு பிளாக் (சிலிண்டர்கள் இருக்கும் எஞ்சின் உடம்பு), அதற்கு மூடிபோல் மேலே அலுமினிய ஹெட். 2014 ஜனவரியில் இந்தக் காரின் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் சாமான் கிடைக்காத ஊர் நம் பக்கத்தில் இல்லை. பாடி சுத்தமாக இருந்தது, சீட் கிழியவில்லை. வண்டி ஓடியதெல்லாம் ராதாபுரம், திசையன்விளைப் பக்கம். அங்கே போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத சவர். அந்தத் தண்ணீரைத்தான் வருஷக்கணக்கில் ரேடியேட்டருக்கும் ஊற்றியிருக்கிறார்கள்.

பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்து சமாதானபுரத்துக்கும் வண்ணார்பேட்டைக்கும் ஓட்டிக்கொண்டிருந்தவரை பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. நான்குவழிச் சாலையில் ஏறி நாங்குநேரி வரை போய்வந்தால் மட்டும் ரேடியேட்டரோடு சேர்ந்த ரிசர்வ் தண்ணீர் டப்பா காலியாகிவிடும். காலையில் வண்டிக்கு அடியில் பார்த்தால் தரை காய்ந்து கிடக்கும். ஒரு சொட்டு இல்லை. ஒழுகுகிற வண்டி தரையை நனைக்காவிட்டால் எல்லோருக்கும் முதலில் வருகிற சந்தேகம், பிளாக்குக்கும் ஹெட்டுக்கும் நடுவே இருக்கும் ஹெட் கேஸ்கெட் போய், தண்ணீர் எஞ்சினுக்குள்ளேயே இறங்குகிறது என்பது. அடுத்தது பிளாக்கில் விரிசல்.

காட்டிய முதல் ஒர்க்‌ஷாப்பில் பத்து நிமிஷத்தில் தீர்ப்பு சொல்லிவிட்டார்கள். “பிளாக் கிராக்கு சார். வெல்டிங் எல்லாம் நிக்காது. ஹாஃப் எஞ்சின் ஒண்ணு இருக்கு, மாத்தி விட்டுருவோம்.” ஹாஃப் எஞ்சின் என்றால் ஹெட் இல்லாமல் பிளாக்கும் பிஸ்டனுமாக வருகிற கீழ்ப்பாதி. விலையும் சொன்னார்கள். வண்டி வாங்கிய காசில் கிட்டத்தட்ட பாதி. இதில் அவர்களை முழுசாகக் குறைசொல்லவும் முடியாது. பழைய 800-க்கு ஒரு நாள் முழுக்கக் குனிந்து கிடந்து ஒழுகலைத் தேடினால் கூலி எவ்வளவு கேட்பது? எஞ்சினையே மாற்றினால் வேலையும் சுத்தம், கணக்கும் சுத்தம். வார்ப்பிரும்பில் வெல்டிங் நிற்பது கஷ்டம் என்பதும் உண்மைதான். முன்கூட்டிச் சூடேற்றி, நிக்கல் ராடு போட்டு, மெதுவாக ஆறவைக்கத் தெரிந்தவன் செய்தாலொழிய வெல்டு அடித்த இடத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு விரிசல் விடும். ஆனால் விரிசலை யாராவது கண்ணால் பார்த்தார்களா என்று கேட்டால், அதுதான் இல்லை.

வீட்டில் நின்றே பார்க்கக்கூடியவற்றை முதலில் பார்த்தேன். ஆயில் ஊற்றும் மூடியின் உள்பக்கம் பால் திரிந்த மாதிரி வெள்ளைக் குழம்பு இல்லை. டிப் ஸ்டிக்கிலும் ஆயில் மட்டம் ஏறவில்லை. ஆறிய எஞ்சினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை உயர்த்தினால் தொடர்ந்து குமிழி வரவில்லை. மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பார்த்ததில் மூன்றும் ஒரே நிறம். சிலிண்டருக்குள் தண்ணீர் போனால் அந்தப் பிளக் மட்டும் கழுவிவிட்டதுபோல் பளிச்சென்று இருக்கும். சைலன்சரிலும் வெள்ளைப் புகை நிலைத்து நிற்கவில்லை. இவ்வளவும் சரியாக இருந்தால் ஹெட் கேஸ்கெட்டை ஓரளவு மனசிலிருந்து இறக்கி வைக்கலாம். அப்படியானால் தண்ணீர் வெளியேதான் போகிறது. வெளியே போகிற தண்ணீர் தரைக்கு வராமல் எங்கே மறைகிறது?

மேலப்பாளையத்தில் ஒரு மெக்கானிக் அண்ணாச்சி இருக்கிறார். அம்பாசிடர் காலத்து ஆள். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார். “பிளாக் போயிட்டுன்னு சொல்லுதாங்களா? பிரஷர் அடிச்சுப் பாத்தாங்களா தம்பி?” இல்லை என்றேன். “பின்ன எப்படிக் கண்டுபிடிச்சாங்க, ஜோசியமா?” என்று சொல்லிக்கொண்டே கைப்பம்பு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ரேடியேட்டர் மூடி இருக்கும் இடத்தில் மாட்டுகிற பிரஷர் டெஸ்டர் அது, கேஜ் வைத்தது.

இந்த இடத்தில் பிரஷர் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். ரேடியேட்டர் மூடி வெறும் மூடியில்லை, ஒரு வால்வு. என் மூடியில் 0.9 என்று பொறித்திருக்கிறது. உள்ளே அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு 0.9 கிலோ வரை ஏற விடும், அதற்கு மேல் போனால்தான் ரிசர்வ் டப்பாவுக்குத் திறக்கும். அந்த அழுத்தத்தில் வெறும் தண்ணீரே 118 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். ஊருக்குள் மெதுவாக ஓட்டும்போது ஒழுகாத பொத்தல், நான்குவழிச் சாலையில் அரை மணி நேரம் ஓடி அழுத்தம் ஏறியதும் பீச்ச ஆரம்பிக்கும். அது எக்ஸாஸ்ட் பக்கமாக இருந்துவிட்டால் பீச்சுகிற தண்ணீர் சுட்ட இரும்பில் பட்டு அங்கேயே ஆவியாகிவிடும். தரை எப்படி நனையும்?

எஞ்சின் ஆறிய நிலையில் தண்ணீரை மூடி வரை நிரப்பி, டெஸ்டரை மாட்டி 0.9 வரை அடித்தேன். முள் நிற்கவில்லை, கண்ணெதிரே இறங்கியது. ஹோஸ் இணைப்புகள் காய்ந்திருந்தன. வாட்டர் பம்புக்கு அடியில் இருக்கும் சின்ன ஓட்டையில் ஈரமில்லை. எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் (ஹெட்டிலிருந்து புகையை வெளியே கொண்டுபோகும் குழாய்) ஹீட் ஷீல்டுக்குக் கீழே கை போகாத சந்து ஒன்று இருக்கிறது. செல்போனை லைட்டோடு உள்ளே விட்டு வீடியோ எடுத்தேன். படத்தில் வெள்ளையும் காவியுமாகப் பொருக்கு தட்டிய ஒரு திட்டு. அதன் ஓரத்திலிருந்து நூல் மாதிரி தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பொருக்கை நீளமான ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினால் அடியில் சாம்பல் நிறத்தில் எம்-சீல். யாரோ ஏற்கெனவே இந்த ஒழுகலைக் கண்டுபிடித்து, உருண்டை பிடித்து அப்பி, வண்டியை விற்பனைக்கு விட்டிருக்கிறார்கள்.

எம்-சீலுக்கு அடியில் இருந்தது விரிசல் இல்லை. வட்டமான தகட்டு மூடி: கோர் பிளக். ஒர்க்‌ஷாப்பில் டம்மி என்றும் சொல்வார்கள். பிளாக்கை வார்க்கும்போது தண்ணீர் ஓடவேண்டிய இடங்களில் மணலால் அச்சு வைப்பார்கள். அந்த மணல் அச்சைத் தாங்கிப் பிடிக்கவும், வார்த்த பிறகு மணலை வெளியே எடுக்கவும் பக்கவாட்டில் ஓட்டைகள் விடவேண்டியிருக்கும். பிறகு அந்த ஓட்டைகளை மெல்லிய இரும்புக் கிண்ணங்களை அடித்து அடைத்துவிடுவார்கள். குளிர்நாட்டில் தண்ணீர் உறைந்தால் இது பிதுங்கிக்கொண்டு பிளாக்கைக் காப்பாற்றும் என்று ஒரு கதை உண்டு. சிலசமயம் அப்படி நடப்பதும் உண்டு. ஆனால் அதற்காக வைத்ததில்லை. நமக்குப் பனி ஏது! இங்கே அதன் எதிரி துரு ஒன்றுதான். பிளாக்கின் சுவர் தடிமனான வார்ப்பிரும்பு. கோர் பிளக்கோ மெல்லிய தகடு. ஒரே தண்ணீர் இரண்டையும் தின்றால் முதலில் பொத்தல் விழுவது தகட்டில்தான்.

வேலையில் பாதி நேரம் மேனிஃபோல்டைக் கழற்றுவதிலேயே போயிற்று. நட்டுகளுக்கு முந்தின நாள் ராத்திரியே துரு இளக்கும் ஆயில் அடித்து ஊறவிட்டேன். சுட்டுச் சுட்டு ஆறிய நட்டை அவசரப்பட்டுத் திருகினால், அது மாட்டியிருக்கும் ஸ்டட் என்கிற மரைக்கம்பி ஒடியும். ஒடிந்தால் ஹெட்டைக் கழற்றி லேத் பட்டறைக்குத் தூக்கவேண்டும். லேசாக இறுக்கி, பிறகு தளர்த்தி, மறுபடி இறுக்கி என்று எடுத்ததில் ஒன்று மட்டும் நட்டோடு ஸ்டட்டும் சேர்ந்து வந்தது. அதனால் கெடுதல் இல்லை. மேனிஃபோல்டை எடுத்தால் கேஸ்கெட் புதிது போட்டே ஆகவேண்டும். பழையதைத் திருப்பிப் போட்டுச் சிக்கனம் பிடிக்கும் இடம் அதுவல்ல.

கோர் பிளக்கைக் கழற்றுவதில் ஒரு நிதானம் வேண்டும். நடுவில் அடித்தால் உள்ளே விழுந்துவிடும். விழுந்தால் சிலிண்டர் சுவருக்கும் பிளாக்குக்கும் நடுவே கிடக்கும். அங்கேயே கிடக்கட்டும் என்று விட்டால் தண்ணீர் ஓட்டத்தை மறிக்கும். வெளியே எடுப்பதோ பெரும்பாடு. மொட்டைப் பஞ்ச் (முனை மழுங்கிய இரும்புக் கம்பி) ஒன்றை ஒரு ஓரத்தில் மட்டும் வைத்துச் சுத்தியலால் தட்டவேண்டும். அந்த ஓரம் உள்ளே போகப் போக எதிர் ஓரம் வெளியே திரும்பி, கிண்ணம் குறுக்காக நிற்கும். அப்போது பிளையரால் பிடித்து இழுத்தால் வந்துவிடும். என்னுடையது அவ்வளவு சிரமம்கூட வைக்கவில்லை. முதல் தட்டிலேயே பஞ்ச் தகட்டைத் துளைத்துக்கொண்டு போயிற்று. ரேடியேட்டர் அடித் திருகைத் திறந்து தண்ணீரை முன்பே இறக்கியிருந்தாலும், பிளாக்குக்குள் நின்ற மிச்சத் தண்ணீர் டீ நிறத்தில் முழங்கை வரை வழிந்தது.

வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். வெளிமுகம் கறுத்திருந்தாலும் உருப்படியாக இருந்தது. உள்முகம் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். அடிப்பக்கத்தில், சேறு தங்குகிற இடத்தில் மட்டும், ஊசி நுழையும் அளவு பொத்தல் மூன்று. விரலால் அழுத்தினால் அந்த ஓரம் அப்பளமாக நொறுங்கியது.

ஓட்டை வழியாக உள்ளே டார்ச் அடித்தால் அதற்கும் காரணம் தெரிந்தது. சிலிண்டரின் அடிப்பாகத்தைச் சுற்றி ஓட்டையின் பாதி உயரம் வரை துருச்சேறு நிரம்பி இறுகியிருந்தது. கம்பியை வளைத்துக் கொக்கியாக்கிக் கிளறக் கிளற வந்துகொண்டே இருந்தது. சுண்ணாம்புச் செதில்களும் கூடவே ஏதோ பசை மாதிரி ஒன்றும் வந்தன. பசை, ஒழுகல் அடைக்க ஊற்றுகிற மருந்தின் மிச்சம். அந்த மருந்து, அவசரத்துக்கு ரேடியேட்டரில் கொட்டுகிற மஞ்சள் தூள் இதெல்லாம் நடுவழியில் நின்றுவிட்ட வண்டியை வீடு சேர்க்க உதவும். அதை நான் மறுக்கவில்லை. வீடு வந்த பிறகும் அதையே நம்பி ஓட்டினால் அடைக்கவேண்டிய பொத்தலோடு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் ஹீட்டர் குழாய்களையும் சேர்த்து அடைக்கும்.

ஓட்டையின் உள்விளிம்பை 400 நம்பர் எமரித் தாளால் சுற்றிச் சுற்றித் தேய்த்தேன். குறுக்கே தேய்த்தால் கோடு விழும், அந்தக் கோடு வழியாகவே மறுபடி ஒழுகும். பிறகு தின்னரில் நனைத்த துணியால் துடைத்து, வெர்னியரில் அளந்து, பழைய பிளக்கையும் பொட்டலம் கட்டிக்கொண்டு ஸ்பேர் கடைக்குப் போனேன். கடைக்காரர் இரும்பும் பித்தளையும் இரண்டும் எடுத்து வைத்தார். துருப்பிடிக்காது என்பதால் பித்தளை வாங்கினேன். பித்தளையும் இரும்பும் ஈரத்தில் தொட்டுக்கொண்டால் இரும்பு அரிக்கும் என்று பாடத்தில் படித்ததைக் கேட்டேன். “கூலன்ட் ஒழுங்கா ஊத்துனா ஒண்ணும் செய்யாது. உப்புத் தண்ணி ஊத்துனா எதைப் போட்டாலும் அரிக்கத்தான் செய்யும்,” என்றார். அதற்கு மேல் பேச எனக்கு ஒன்றும் இல்லை.

ஒரு பிளக் அரித்திருந்தால் அதே தண்ணீரில் கிடந்த மற்றவையும் அதே வயசுதான். கை எட்டுகிற இடத்தில் இருந்த எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டேன். அவை ஒழுகவில்லையே என்று விட்டிருந்தால் இதே மேனிஃபோல்டை இன்னொரு தடவை கழற்ற வேண்டியிருக்கும். சில எஞ்சின்களில் ஃப்ளைவீலுக்குப் பின்னாலும் ஒன்று ஒளிந்திருக்கும். அங்கே ஒழுகினால் கியர்பாக்ஸை இறக்காமல் தீராது. கிளட்ச் மாற்றக் கியர்பாக்ஸ் இறக்குகிறவர்கள் அதையும் சேர்த்துப் பார்த்துவிடுவது லாபம்.

புதிய பிளக் ஓட்டையைவிடத் துளி பெரிதாக இருக்கும்; அந்த இறுக்கம்தான் அதைப் பிடித்து வைக்கிறது. ஓட்டை விளிம்பில் சீலன்ட் மெல்லிசாகத் தடவி, கிண்ணத்தின் வாய் வெளியே பார்க்கும்படி வைத்து, கிண்ணத்துக்குள் தளர்வாக உட்காருகிற சாக்கெட் ஒன்றை அதன்மேல் நிறுத்தி, நேராக அடிக்கவேண்டும். சாய்ந்தால் அப்போதே எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்று போடுவது நல்லது. சத்தத்தைக் கவனிக்கவேண்டும். உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும்வரை மொத்தென்று கேட்கும். நன்றாகப் பிடித்ததும் கணீரென்று மாறும். கிண்ண விளிம்பு ஓட்டையின் வாயைவிட ஒரு மில்லிமீட்டர் போல உள்ளே போனதும் நிறுத்திவிட்டேன். எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் சுத்தியலை ஓங்க இடமில்லை. நீண்ட எக்ஸ்டென்ஷன் ராடைச் சாக்கெட்டில் மாட்டி, மட்கார்டு பக்கமிருந்து குட்டிக் குட்டித் தட்டாகத் தட்டித்தான் இறக்க முடிந்தது. பொறுமை இல்லாதவர்கள் இந்த இடத்தில் மட்டும் அண்ணாச்சி மாதிரி ஒருவரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

சீலன்ட் காயட்டும் என்று ராத்திரி முழுக்க விட்டுவிட்டு, மறுநாள் கழுவும் வேலை. பைப் தண்ணீரை வழக்கமான ஓட்டத்துக்கு எதிர்த்திசையில் விட்டு ரேடியேட்டரைத் தனியாக, பிளாக்கைத் தனியாகக் கழுவினேன். பிறகு லிட்டருக்கு ஐம்பது கிராம் கணக்கில் சிட்ரிக் ஆசிட் கரைத்து ஊற்றி, சூடேறும்வரை ஓடவிட்டு, கால் மணி நேரத்தில் இறக்கிவிட்டேன். ஹெட் அலுமினியம் என்பதால் ராத்திரி முழுக்க ஊறவிடக் கூடாது. இறங்கிய தண்ணீரின் நிறத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டு அக்கா, “என்னடே, கருப்பட்டிக் காப்பியா?” என்று கேட்டார். தெளிந்து வரும்வரை திரும்பத் திரும்பக் கழுவி, கடைசி அலசல் பேட்டரித் தண்ணீரில் (ஆசிட் இல்லை, பேட்டரிக்கு ஊற்றும் உப்பில்லாத சுத்தத் தண்ணீர்).

எஞ்சின் சூடேறும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் பிடித்துவைக்கிற வால்வுதான் தெர்மோஸ்டாட். அதன் ஹவுசிங்கைத் திறந்தால் உள்ளே காலி. நம் ஊரில் இது ஒரு வியாதி. வண்டி சூடாகுது என்று போனால் பலபேர் செய்கிற முதல் வேலை தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிவது. வெயில் ஊருக்கு இது எதுக்கு என்பார்கள். தெர்மோஸ்டாட் இல்லாவிட்டால் தண்ணீர் எப்போதும் ரேடியேட்டர் வழியே ஓடி, எஞ்சின் வேலை செய்யும் சூட்டுக்கே வந்து சேராது. கார்புரேட்டர் வண்டியில் அது மைலேஜில் கொஞ்சம் உதைக்கும். எம்.பி.எஃப்.ஐ. வண்டியில் கம்ப்யூட்டர் எஞ்சின் இன்னும் குளிர்ந்திருக்கிறது என்று நினைத்துப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே இருக்கும். புதிது வாங்கினேன், 82 என்று பொறித்திருந்தது. போடுவதற்கு முன் அடுப்பில் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, தெர்மாமீட்டரும் தெர்மோஸ்டாட்டும் அடி தொடாதபடி நூலில் தொங்கவிட்டேன். எண்பதைத் தாண்டியதும் வால்வு மெல்லக் கண் திறந்தது. கொதி வரும்போது முழுசாகத் திறந்து நின்றது. அதில் ஆடுகிற சின்ன ஊசி ஒன்று உண்டு, காற்று வெளியேறுவதற்காக. அது மேலே வரும்படி மாட்டவேண்டும்.

இனி தண்ணீர். ஆற்றுத் தண்ணீர்தானே, தாமிரபரணி எவ்வளவு ருசி என்று நாம் பெருமையாக ஊற்றிவிடுவோம். சவர்த் தண்ணீரோடு பார்த்தால் அது ஆயிரம் மடங்கு மேல்தான். சவர்த் தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு சூட்டில் பிரிந்து சுவரில் படியும். உப்பு இரும்பை அரிக்கும். ஆற்றுத் தண்ணீரில் இவை குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று: மூடிய எஞ்சினுக்குள் ஒரு தடவை ஊற்றிய தண்ணீரில் கரைந்திருக்கும் காற்று கொஞ்ச நாளில் தீர்ந்துவிடும், துருவும் மட்டுப்படும். ஒழுகுகிற வண்டிக்குத் தினமும் புதுத் தண்ணீர் ஊற்றும்போது தினமும் புதுக் காற்றையும் சேர்த்து ஊற்றுகிறோம். ஒழுகல் துருவை வளர்க்கும், துரு ஒழுகலை வளர்க்கும்.

கூலன்ட் வாங்கும்போது டப்பாவைப் படித்து வாங்குங்கள். கலக்காமல் ஊற்றவேண்டியதும் உண்டு, தண்ணீர் கலக்கவேண்டியதும் உண்டு. நான் வாங்கியது கலக்குகிற வகை. பாதிக்குப் பாதி என்று எழுதியிருந்தாலும் உறைபனி இல்லாத நமக்கு மூன்றில் ஒரு பங்கு கூலன்ட், மிச்சம் பேட்டரித் தண்ணீர் போதும் என்பது என் கட்சி. வெறும் தண்ணீர்தான் சூட்டை நன்றாகச் சுமக்கும். கூலன்ட் நமக்கு வேண்டியிருப்பது முக்கியமாகத் துருத் தடுப்புக்காக. மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே போனால் அந்தத் தடுப்பும் நீர்த்துவிடும். பழைய கூலன்டைச் சாக்கடை ஓரத்திலோ தெருவிலோ ஊற்றிவிடாதீர்கள். அதில் இருக்கும் எத்திலீன் கிளைக்கால் இனிக்கும். நாயும் ஆடும் நக்கிவிட்டால் சிறுநீரகம் போய்ச் செத்துவிடும்.

நிரப்பும்போது முன்பக்கம் உயரும்படி வாசல் சரிவில் நிறுத்தி, ஹீட்டரைச் சூடு பக்கம் திருப்பி, மூடியில்லாமல் ஓடவிட்டேன். மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டதில் குமிழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது. ஃபேன் ஓடி நின்று மறுபடி ஓடிய பிறகு மட்டம் இறங்கவில்லை. மூடியும் புதிது, பழைய மூடியின் ரப்பர் கல்லாகியிருந்தது. ஆறிய பிறகு டெஸ்டரை மறுபடி மாட்டி 0.9-க்கு அடித்துவிட்டுச் சாப்பிடப் போய்விட்டேன். திரும்பி வந்து பார்த்தபோது முள் அதே கோட்டில்தான் நின்றது.

பிறகு உச்சி வெயிலில் ஏ.சி. போட்டு நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி என்று காவல்கிணறு வரை போய் வந்தேன். கேஜ் முள் பாதிக்குக் கீழேயே நின்றது. மறுநாள் காலை ரிசர்வ் டப்பாவில் மட்டம் கோட்டிலேயே இருந்தது. டெஸ்டரைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது பழைய பிளக்கைக் காட்டினேன். அண்ணாச்சி அதை வாங்கிக் கட்டைவிரலால் இரண்டாக ஒடித்துவிட்டு, “இதுக்கா ஹாஃப் எஞ்சின் கேட்டான்?” என்றார்.

செலவில் பெரியது கூலன்டும் தெர்மோஸ்டாட்டும்தான். பித்தளைப் பிளக், கேஸ்கெட், மூடி, சிட்ரிக் ஆசிட், பேட்டரித் தண்ணீர் எல்லாம் சில்லறைக் கணக்கு. ஹாஃப் எஞ்சினுக்குச் சொன்ன தொகையில் பத்தில் ஒரு பங்குகூட வரவில்லை. என் கூலியைச் சேர்க்கவில்லை. துரு இளகி இளகி இன்னும் கொஞ்சம் வரும் என்பதால் இந்தக் கூலன்டை ஆறு மாதத்தில் இறக்கிவிட்டு ஒரு அலசல் அலசிப் புதிது ஊற்றவேண்டும். ஹீட்டருக்குப் போகிற ரப்பர் ஹோஸ் இரண்டும் உப்பியிருக்கின்றன. அவற்றையும் அதே சமயத்தில் மாற்றுவதாக இருக்கிறேன். ஹோஸ் இப்போதே வாங்கி டிக்கியில் கிடக்கிறது.